லட்சத்தில் மூன்று

"அக்கா, ஃபைனான்ஸ் அண்ட் ரிஸ்க் மேனேஜ்மென்ட் எம்எஸ்சி போகலாமா, வேண்டாமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டு மெசேஜ் அனுப்புகிறார்கள். பாதிப் பேர் என் கல்லூரி ஜூனியர்கள், மீதிப் பேர் அவர்களுடைய ஜூனியர்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிட வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். போகலாமா என்பதற்கு நேரடிப் பதில் இதில் இருக்காது. நான் போன கதை இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் குமாரபாளையம். பிகாம் முடித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு வாகனக் கடன் கம்பெனியில் நான்கு வருடம் கிரெடிட் ஆபீசராக இருந்தேன். லாரிக்கும் டிப்பருக்கும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்கும் கடன் கேட்டு வருபவர்களின் வீட்டுக்குப் போய், ஆர்சி புத்தகம் பார்த்து, டயர் தேய்மானம் பார்த்து, பக்கத்து டீக்கடையில் இரண்டு வார்த்தை விசாரித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். 2021ல் புதிதாக ஸ்கோர் கார்டு என்று ஒன்று வந்தது. விவரத்தை உள்ளே போட்டால் ஓர் எண் வரும். 600க்குக் கீழே என்றால் சிஸ்டமே ரிஜெக்ட் செய்துவிடும். பதினெட்டு வருடமாக ஒரு டியூகூடத் தவறாத லாரிக்காரர் ஒருவருக்கு 571 வந்தது. ஏன் என்று கேட்டால் மேனேஜருக்கும் தெரியவில்லை, ஏரியா மேனேஜருக்கும் தெரியவில்லை. அவர் என்னிடம், "அந்த மிசினுக்கு நான் யாருன்னு தெரியுமா அம்மிணி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். யாரோ எங்கேயோ உட்கார்ந்து அந்த எண்ணைச் செய்கிறார்கள் அல்லவா, அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

சேர்ந்தது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், அங்கே ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. ஒரு வருடப் படிப்பு. கட்டணம் 18,000 பவுண்டு. பாதி முன்னால், பாதி ஜனவரியில். இது போக, ஒன்பது மாதச் செலவுக்கு மாதம் 1,023 பவுண்டு வீதம் 9,207 பவுண்டு கையில் இருப்பதாக விசாவுக்கு அப்போது காட்ட வேண்டியிருந்தது. லண்டன் என்றால் இன்னும் அதிகம். எல்லாம் சேர்த்து 25 லட்சம் கல்விக் கடன் வாங்கினோம். அப்பா வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தார். நான்கு வருடம் அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தைப் புரட்டியவள் நான். எங்கள் வீட்டுப் பத்திரத்தை இன்னோர் ஆபீசர் எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டியபோது வயிற்றைப் பிசைந்தது.

போய் இறங்கியது 2022 செப்டம்பர் நடுவில். எலிசபெத் அரசி இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. 19ஆம் தேதி இறுதிச் சடங்கு, பெரிய கடைகள் எல்லாம் மூடல். 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை நிதியமைச்சர் குவாசி குவார்டெங் 45 பில்லியன் பவுண்டுக்கு வரிக் குறைப்பை அறிவித்தார். அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது என்று சொல்லவில்லை. திங்கள்கிழமை விடிவதற்குள் ஆசியச் சந்தையில் பவுண்டு 1.03 டாலர் பக்கம் போய்விட்டது. அதற்கு முன் அவ்வளவு கீழே போனதே இல்லை.

எங்களுக்கு மார்க்கெட் ரிஸ்க் முதல் வகுப்பு 28ஆம் தேதி புதன்கிழமை. பேராசிரியர் ஸ்லைடைத் திறக்கவே இல்லை. சந்தை நிலவரம் காட்டும் ப்ளூம்பெர்க் திரையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். 30 வருட அரசுக் கடன் பத்திரத்தின் வட்டி 5 சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பாங்க் ஆஃப் இங்கிலாந்து நாங்களே பத்திரங்களை வாங்குகிறோம் என்று முன்பகலில் அறிவித்ததும் அதே கோடு கிணற்றில் போட்ட கல் மாதிரி இறங்கியது, ஒரு சதவீதத்துக்கு மேல். வகுப்பில் யாருக்கும் என்ன நடக்கிறது என்று புரியவில்லை, எனக்கும்தான். ஒரு சீனத்துப் பையன் மட்டும் போனை எடுத்துப் படம் பிடித்தான்.

நகைக் கடன் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அங்கே பென்ஷன் நிதிகள் தங்களிடமிருந்த அரசுப் பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கி, அதில் மேலும் பத்திரம் வாங்கியிருந்தன. வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். விலை இறங்கினால், "ஈடு பத்தாது, மேலே கட்டு" என்று கடன் கொடுத்தவன் கேட்பான். கட்டக் கையில் ரொக்கம் இல்லை, ஆகவே பத்திரத்தை விற்பார்கள். ஒருவர் விற்றால் பரவாயில்லை. எல்லோரும் ஒரே வாரத்தில் விற்றால் விலை இன்னும் இறங்கும், மறுபடி "மேலே கட்டு". தங்கம் விலை சரிந்து, ஊரிலுள்ள அடகுக் கடைகள் எல்லாம் ஒரே நாளில் நகையை ஏலம் விட்டால் எப்படியிருக்குமோ அப்படி. பேராசிரியர் அன்று கரும்பலகையில் எழுதியது ஒரே கேள்வி: "உன் பக்கத்தில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள்?" மற்றவர்கள் எழுதிக்கொண்டார்களா தெரியாது. நான் எழுதிக்கொண்டேன்.

எழுதிக்கொண்டு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் கட்ட வேண்டிய 9,000 பவுண்டுக்கான கடன் பணம் ஊரில் ரூபாயாக இருந்தது. ஆகஸ்டில் முதல் பாதியைக் கட்டும்போது ஒரு பவுண்டு 95 ரூபாய். இந்தக் களேபரத்தில் 87, 88க்கு வந்துவிட்டது. வங்கிக்குப் போன் செய்தேன். "லெட்டர் குடுங்கம்மா, இப்பவே அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர். கூடத் தங்கியிருந்த பெண்கள், "80க்கு வரும்டி, பொறு" என்றார்கள். பொறுத்தேன். ஜனவரியில் 100 ரூபாய் வீதம் கட்டினேன். ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று. ரிஸ்க் மேனேஜ்மென்ட் படிக்கப் போனவள் முதல் மாதமே செய்த சூதாட்டம் இது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அப்பா இந்தப் பக்கம் எல்லாம் வரமாட்டார்.

படிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் கேட்பது கணக்கு. பிகாம் கணக்கு போதாது. மேட்ரிக்ஸ், நிகழ்தகவு, தொகையீடு எல்லாம் வரும், அதுவும் உங்களுக்குத் தெரியும் என்ற நினைப்பில் வரும். நான் தமிழ்நாட்டுப் பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தை இலவசமாக இறக்கி, அக்டோபர் முழுக்க ராத்திரியில் போட்டுப் பார்த்தேன். டிசம்பரில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கே இருட்டிவிடும் ஊர் அது, ராத்திரிக்குப் பஞ்சமில்லை. வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஒரு கடையில் அலமாரி அடுக்கினேன், மணிக்கு 9 பவுண்டு 50 பென்ஸ். கறிவேப்பிலை விலையைப் பற்றி எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும், விடுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இரண்டாம் பருவத்தில் கிரெடிட் ரிஸ்க், அதாவது கொடுத்த கடன் திரும்பாமல் போகும் அபாயம். வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை ஒரு நைஜீரியப் பெண், லாகோஸ்காரி. பிப்ரவரியில் ஒருநாள் கண்ணெல்லாம் சிவந்து வந்தாள். அவர்கள் நாட்டில் 200, 500, 1000 நைரா பழைய நோட்டு செல்லாது என்று கெடு வைத்துவிட்டு, புது நோட்டைப் போதுமான அளவு விடவில்லை. அவள் அம்மா சந்தையில் துணி வியாபாரம் செய்கிறார். கூடவே வியாபாரிகளுக்குள் 'அஜோ' என்று ஒன்று நடத்துகிறார். எல்லோரும் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. அந்த மாதம் யாராலும் போட முடியவில்லையாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு 2016 நவம்பர் கண்முன் வந்தது.

என் அம்மா வீட்டில் சீட்டு நடத்துவாள். பதிவு கிதிவு எல்லாம் கிடையாது, சட்டப்படி தப்புதான். 20 பேர், மாதம் 2,000, மொத்தம் 40,000. முதல் சீட்டு அம்மாவுக்கு. அப்புறம் மாதாமாதம் ஐந்தாம் தேதி சாயங்காலம் எங்கள் திண்ணையில் ஏலம். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு, தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பங்கு. ஆளைச் சேர்ப்பதில் அம்மாவைப் போலக் கறாரான ஆளை நான் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை. எத்தனை தறி, சொந்தத் தறியா கூலித் தறியா, பையன் குடிக்கிறானா, போன தீபாவளிக்கு முன்பணம் எவ்வளவு வாங்கினான், மாமனார் வீட்டில் வசதி உண்டா, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பத்து வருடத்தில் ஒருவர், இருவர் இழுத்தடித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். விசைத்தறியில் கூலி என்பது சனிக்கிழமை கையில் விழும் ரொக்கம். வியாபாரியிடம் நோட்டு இல்லை, தறிக்காரரிடம் நூலுக்குக் காசு இல்லை, கூலிக்கு வழியில்லை. எங்கள் தெருவில் எப்போதும் கேட்கும் தறிச் சத்தம் ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டது. அது நின்றால்தான் தெரியும், அதுவரை அது ஒரு சத்தம் என்றே நமக்குத் தோன்றாது. டிசம்பர் ஐந்தாம் தேதி 20 பேரில் 7 பேர் பணம் கொடுக்கவில்லை. அதில் நான்கு பேர் ஏற்கெனவே சீட்டு எடுத்தவர்கள். சீட்டு எடுக்க வேண்டிய மற்றவர்களுக்கு அம்மா தன் கைவளையல் இரண்டை வைத்துப் பணம் கொடுத்தாள். அப்புறம் ஐந்து பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

கிரெடிட் ரிஸ்க் அசைன்மென்ட், கற்பனையான ஒரு கடன் தொகுப்பை எடுத்துக்கொண்டு நஷ்டத்தைக் கணிப்பது. நான் அம்மாவின் சீட்டையே எடுத்துக்கொண்டேன். அறிக்கையில் 'இருபது சிறு கடனாளிகள், ஒரே தொழில்' என்று கௌரவமாக எழுதினேன். ஒவ்வொருவரும் பணம் கட்டாமல் போக நூற்றுக்கு 5 வாய்ப்பு என்று வைத்துக்கொண்டேன், அம்மாவின் கறாருக்கு இதுவே அதிகம். ஒருவர் விழுவதற்கும் மற்றவருக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துப் பைத்தான் கணினி நிரலில் ஒரு லட்சம் தடவை ஓட்டினேன். 7 பேரோ அதற்கு மேலோ ஒன்றாக விழுந்தது எத்தனை தடவை தெரியுமா? 3. மறுபடி ஓட்டினேன், 4. கணக்குப்படி பார்த்தால் எங்கள் திண்ணையில் நடந்தது லட்சத்தில் மூன்று தடவை நடக்கும் சங்கதி.

பிறகு வாசிசெக் சூத்திரத்தை எடுத்தேன். வங்கிகள் எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்று பாசல் விதிகள் சொல்லும் கணக்குக்கு அடியில் இருப்பது இதுதான். ஓல்ட்ரிச் வாசிசெக் என்ற செக் கணிதவியலாளர் கொடுத்தது. பார்க்கப் பயமாக இருக்கும், உள்ளே இருக்கும் எண்ணம் எளிது. ஒவ்வொரு கடனாளியின் தலைவிதியும் இரண்டு துண்டு. ஒன்று ஊருக்கே பொதுவானது, இன்னொன்று அவருடையது மட்டும். பொதுத் துண்டு எவ்வளவு பெரியது என்பதைத்தான் தொடர்புக் கெழு சொல்கிறது. பாசல் விதியில் வீட்டுக் கடனுக்கு அது 0.15, கிரெடிட் கார்டுக்கு 0.04, கம்பெனிக் கடனுக்கு 0.12 முதல் 0.24 வரை. குமாரபாளையத்துச் சீட்டுக்கு எந்த விதியிலும் எண் இல்லை. நான் 0.3 போட்டேன். ஒவ்வொருவருக்கும் அதே 5 சதவீதம்தான், அதை நான் தொடவில்லை. ஒரு லட்சம் தடவை ஓட்டினேன்.

1,700ஐ ஒட்டி வந்தது.

நிரலில் ஏதோ பிழை என்று நினைத்து முக்கால் மணி நேரம் தேடினேன். பிழை இல்லை. ஆட்கள் அதே ஆட்கள், அவர்களுடைய நாணயமும் அதே நாணயம்தான். ஒரே தெரு என்பதை மட்டும் உள்ளே விட்டால் 3 என்பது 1,700 ஆகிவிடுகிறது. நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் நாடகமாக இருக்கும். அழவில்லை. கீழே போய் இயந்திரத்தில் ஒரு மோசமான காபி வாங்கிக் குடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். ஊரில் ராத்திரி பத்து மணி.

"ம்மா, சீட்டுல ஏன் எல்லாத்தையும் நம்ம தெருவுலயே சேத்தே? ஈரோட்டுல நாலு, சேலத்துல நாலுன்னு சேத்திருக்கலாமில்ல?"

"ஈரோட்டுக்காரன் குடிப்பானா மாட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

நான் பேசவில்லை. அவளே, "தெரிஞ்சவீகளத்தானே சேக்க முடியும்? தெரிஞ்சவீக எல்லாம் தறிக்காரங்கதான். இதுக்கா அவ்வளவு தூரம் போயிப் படிக்கற?" என்றாள்.

அசைன்மென்டில் இதற்கு இடம் இல்லை. சூத்திரத்துக்கு இரண்டு எண் வேண்டும்: ஒருவர் விழும் வாய்ப்பு ஒன்று, எல்லோரும் சேர்ந்து விழும் தொடர்பு ஒன்று. இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போடச் சொல்கிறது. அம்மாவிடம் இரண்டும் ஒரே பெட்டி. ஆளை நன்றாகத் தெரிந்திருப்பதால்தான் 5 சதவீதம்; நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே தொழில் என்பதால்தான் 0.3. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது ஏறும். முகம் தெரியாத ஆட்களைப் பல ஊரில் பரப்பிச் சேர்க்க வேண்டும் என்றால் டீக்கடையில் விசாரிக்க முடியாது, அப்போது ஒரு ஸ்கோர் கார்டு தேவைப்படும். 571 வாங்கிய அந்த லாரிக்காரரை நினைத்துக்கொண்டேன். அந்த எண் எதற்காகப் பிறந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. அவருக்குச் செய்தது சரி என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

அசைன்மென்டை எழுதிச் சமர்ப்பித்த அதே வாரம் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி பாங்க் விழுந்தது. 2023 மார்ச் 8 அன்று 21 பில்லியன் டாலர் பத்திரங்களை விற்றதில் 1.8 பில்லியன் நஷ்டம் என்று சொன்னார்கள். மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். பத்தாம் தேதி வங்கியை மூடிவிட்டார்கள். காரணம் என்று எல்லோரும் வட்டி ஏற்றத்தைச் சொன்னார்கள், சரிதான். எனக்குப் பட்டது வேறு. அங்கே பணம் போட்டிருந்தவர்கள் எல்லாம் ஸ்டார்ட்அப் கம்பெனிகள், ஒரே முதலீட்டாளர்களின் பிள்ளைகள், ஒரே வாட்ஸ்அப் குழுக்கள். அம்மாவின் திண்ணைதான், கொஞ்சம் பெரியது. 2022 ஏப்ரலுக்கும் 2023 ஜனவரிக்கும் நடுவே அந்த வங்கிக்குத் தலைமை ரிஸ்க் அதிகாரியே இல்லை என்று தெரிந்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த சிரிப்பில் கொஞ்சம் வேலைவாய்ப்பு ஆசையும் கலந்திருந்தது.

13ஆம் தேதி திங்கள்கிழமை அந்த வங்கியின் பிரிட்டன் துணை நிறுவனத்தை எச்எஸ்பிசி ஒரு பவுண்டுக்கு வாங்கியது. 1995ல் ஒரே ஊழியரின் சிங்கப்பூர் சூதாட்டத்தில் மூழ்கிய பேரிங்ஸ் வங்கியை நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனம் வாங்கியதும் ஒரு பவுண்டுக்குத்தான். அந்தத் திங்கள்கிழமை சாயங்காலம் லீட்ஸின் கர்க்கேட் மார்க்கெட்டில் ஒரு கிண்ணம் தக்காளி ஒரு பவுண்டு. தக்காளி வாங்கினேன்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். ஆய்வேட்டுக்கு வாகனக் கடன் விவரம் கேட்டு என் பழைய கம்பெனிக்கு எழுதினேன், பதிலே இல்லை. அமெரிக்காவின் ஃபேனி மே என்ற நிறுவனம் வீட்டுக் கடன் விவரங்களை இலவசமாக வெளியிடுகிறது, அதை வைத்து முடித்தேன். இரண்டு வருட விசா கிடைத்தது. எட்டு மாதம் வேலை தேடினேன். "வேலை விசாவுக்கு ஸ்பான்சர் வேண்டுமா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று டிக் போட்டதும் பெரும்பாலான விண்ணப்பங்கள் அங்கேயே நின்றன. திரும்பி வந்துவிட்டேன். இப்போது சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு வெளிநாட்டு வங்கிக்கான அலுவலகத்தில் மாடல் வேலிடேஷன் பார்க்கிறேன். அடுத்தவர் செய்த சூத்திரத்தில் ஓட்டை தேடும் வேலை, எனக்குப் பிடித்திருக்கிறது. என் பக்கத்து இருக்கைப் பையன் இங்கேயே எம்எஸ்சி புள்ளியியல் படித்தவன். அதே வேலை, அதே சம்பளம், கடன் மட்டும் கிடையாது. கேட்பவர்களுக்கு இதை நான் மறைப்பதில்லை. நான் மாதம் 34,000 சொச்சம், பன்னிரண்டு வருடம் கட்ட வேண்டும்.

போன மாதம் அம்மா மறுபடி சீட்டு ஆரம்பித்தாள். டைரிப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், நீல மையில் ஒன்று முதல் இருபது வரை பெயர்கள். படித்துக்கொண்டே வந்தேன். அதே தெரு, அடுத்த தெரு, தறி, தறி, தறி. இருபதாவதாக என் பெயர்.

"நான் எங்கம்மா கேட்டேன்?"

"எல்லாரும் ஒரே ஊரா இருந்தா ஆகாதுன்னு நீதானே சொன்ன? மெட்ராஸ்ல ஒருத்தி இருக்கட்டும்."

மாதம் 3,000. ஐந்தாம் தேதி காலைக்குள் ஜிபே செய்துவிட வேண்டுமாம். என் கல்விக் கடன் தவணையும் அதே ஐந்தாம் தேதிதான்.